நுனி கத்தரித்த கையுறை

2023 பிப்ரவரி 9, வியாழக்கிழமை. காலை 5.40-க்கு எழுந்தேன். ஒரு தம்ளர் வெந்நீர். பால் பாக்கெட் இரண்டு. ஒன்றின் மூலையில் கசிவு. 6.10 முதல் 6.40 வரை மொட்டை மாடியில் நடை. குளிர் விட்டிருந்தது, ஸ்வெட்டர் தேவைப்படவில்லை. குளியல், இரண்டு இட்லி, காப்பி. 7.20-க்கு ஸ்கூட்டரில் கிளம்பி 7.35-க்கு மைசூர் மண்டி மொஹல்லா போய்ச் சேர்ந்தேன். மாதத்தின் இரண்டாவது வியாழன் நான் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாள். பதினோரு ஆண்டுகளாக அப்படித்தான்.

என் இதயத்தில் ஒரு வால்வு செயற்கையானது. அதில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் ஒரு மாத்திரை. மாத்திரை அளவோடு வேலை செய்கிறதா என்று அறிய மாதம் ஒரு முறை பரிசோதனை. கட்டி ஒன்று உருவாகி மூளைக்குப் போய்விட்டால் கை கால் என்ன ஆகும் என்று எனக்குப் புரியும்படி முதலில் சொன்னவர், பாத்திரக்கடை ஒன்றின் மேல்மாடியிலிருந்த பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் பெண்மணி. சொன்னவருக்கே பிறகு பக்கவாதம் வந்தது. அந்த வியாழக்கிழமையோடு பத்து மாதம் ஆகியிருந்தது. அவர் இனி ஊசி பிடிக்கலாமா, கூடாதா என்பது அன்று காலை முடிவாக வேண்டும். அதற்குத்தான் நான் சட்டைக்கையை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அவர் நர்ஸ் அல்ல. ஆனாலும் அந்தத் தெருவுக்கே ‘சிஸ்டர்’. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரர். பேச்சில் அந்த ஊரின் ‘ங்க’வும் மைசூரின் கன்னடமும் கலந்து வரும். என்னை அண்ணா என்பார்.

நான் முதன்முதலில் அவரிடம் போனபோது என் இரண்டு கைகளும் கருநீலமாக இருந்தன. அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையில் எனக்கு நரம்பு கிடைக்காமல் கண்ட இடத்தில் குத்தியிருந்தார்கள். மாத்திரை சாப்பிடுகிறவனுக்குக் குத்திய இடமெல்லாம் ரத்தம் கசிந்து கன்றிப்போகும். சிஸ்டர் என் கையைப் பார்க்கவே இல்லை. கையை மேசைமேல் வைக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“கண்ண மூடிட்டா எப்படிப் பாப்பீங்க?” என்றேன்.

“கண்ணு சும்னே வேடிக்கை பாக்குமுங்கண்ணா. நரம்பு அதுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.”

எல்லாரையும்போல அவரும் இரண்டு கையிலும் கையுறை போட்டுக்கொள்வார். போட்டபின் சின்னக் கத்தரிக்கோலால் இடது ஆட்காட்டி விரலின் நுனியை மட்டும் கத்தரித்துவிடுவார். முறைப்படி அது தவறு. கூடத்தை நடத்தும் டாக்டரம்மா பார்த்தும் பார்க்காதவர்போல இருந்துவிடுவார், ஏனென்றால் அந்த விரல் நுனிக்குத்தான் ஆட்கள் படியேறி வந்தார்கள். அது என் முழங்கை மடிப்பில் ஓரிடத்தில் நிற்கும், நகரும், மறுபடி முதல் இடத்துக்கே வரும்.

“உங்க நரம்பு கூச்ச சுபாவமுங்க. கூப்புட்டா வராது. சித்த நேரம் பக்கத்துல உக்காந்து பேசோணும். அப்பறந்தான் எட்டிப் பாக்கும்.”

பேசிக்கொண்டே எடுத்துவிடுவார். ஒரு நாள் மண்டிக்காரர் ஒருவர், வேறெங்கோ மூன்று முறை குத்துப்பட்டு வந்தவர், எனக்கு முன்னால் உட்கார்ந்து கன்னடத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்: இன்னொரு தரம் தவறினால் போலீசுக்குப் போவேன் என்று. “போறதுன்னா இப்பவே போங்க எஜமானரே, நான் எடுத்து முடிச்சாச்சு” என்றார் சிஸ்டர். மண்டிக்காரர் குனிந்து பார்த்தபோது அவர் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

சிஸ்டரிடம் நான் நூற்றுப் பதினேழு முறை ரத்தம் கொடுத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். நூற்றுப் பதினேழும் ஒரே குத்து. இப்போது அங்கே வேறொரு பெண் இருக்கிறார். நல்ல பெண்தான். இரண்டு குத்து, சில மாதங்களில் மூன்று. வலித்தால் நான் சொல்வதில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். சில ரத்தக் குழாய்களின் மூடியில் அவர் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். கல்லீரலைக் கெடுக்கும் கிருமி இருக்கிற ரத்தம் அது. அவரோடு பயிற்சி படித்த ஒரு பெண்ணுக்கு அப்படிப்பட்ட ஒருவருக்குப் போட்ட ஊசி விரலில் ஏறிவிட்டதாம்.

“சுருக்குன்னுச்சு. ஓடிப்போயிக் கழுவுனா, அன்னிக்கே தடுப்பூசி போட்டுக்கிட்டா, தப்பிச்சா. சுருக்குன்னதால தப்பிச்சாளுங்கண்ணா.”

“புள்ளி வெச்சிருந்தா ஜாக்கிரதையா இருந்திருக்கலாமே” என்றேன்.

“புள்ளி டெஸ்டு முடிஞ்ச பொறகு வெக்கறது. ரத்தம் எடுக்கறப்ப யாருக்கு என்ன இருக்குதுன்னு யாரு கண்டா?”

2022 ஏப்ரலில் ஒரு காலை அவர் குழாய்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது இடது கையிலிருந்து ஒரு குழாய் நழுவி விழுந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் விழுந்தது. இந்தத் தடவை வந்த குழாயெல்லாம் வழுக்குகிறது என்று புகார் சொல்ல வாயெடுத்தபோது நாக்கு குழறியது. டாக்டரம்மா அந்த நிமிடமே தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அதனால் உயிர் தங்கியது, பேச்சு திரும்பியது, ஒரு மாதத்தில் நடையும் வந்துவிட்டது. இடது கைக்குப் பலம்கூட வந்தது. உணர்ச்சி மட்டும் வரவில்லை. தோளிலிருந்து விரல் நுனி வரை மரத்தது மரத்ததுதான்.

கேசரேயில் அவர் வீட்டுக்கு நான் ஜூன் மாதம் போனேன். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் இடது கையைப் பிடித்துக் குலுக்கி, “அதுதான் நல்லா ஆயிருச்சே, என்ன புடி புடிக்கற” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபின் சிஸ்டர் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

“கை இருக்குதுங்கண்ணா. சொன்னதக் கேக்குது. ஆனா கதவத் தட்டுனா உள்ளருந்து யாரும் வாரதில்ல.”

கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கை குடத்தைத் தூக்கும், தலை வாரும். பார்வையை எடுத்துவிட்டால் அது எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. அதனால் அந்த மணிக்கட்டில் மட்டும் ஏழெட்டுக் கண்ணாடி வளையல் போட்டிருந்தார். “சத்தம் வந்தா இங்கதான் இருக்குதுன்னு தெரியுது. எங்கூர்ல ஆட்டுக்கு மணி கட்டுவாங்கல்ல, அந்த மாதிரி.”

அவருடைய கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். மனைவியைக் கேலி செய்யாமல் அவரால் ஒரு வாக்கியம் பேச முடியாது. “கேட்டீங்களா சார் கதைய. தோசை தீயுது தோசை தீயுதுன்னு நான் ஓடியாந்தா, தோசை வெள்ளையா இருக்குது. இவ கை கல்லு மேல இருக்குது. அம்மா டிவி பாத்துட்டு நிக்கறாங்க” என்றார். சிஸ்டர் சிரித்தார். உள்ளங்கை ஓரத்தில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. அன்றிலிருந்து சமையல் கணவர்தான் என்றார்கள். கணவர் வெளியே போய் ஆட்டோவைக் கிளப்பும் சத்தம் கேட்கும்வரை சிரித்துக்கொண்டிருந்த சிஸ்டர், சத்தம் தேய்ந்ததும் நிறுத்திவிட்டார்.

“அண்ணா, எனக்கு டேபிள் வேலை தர்றேங்கறாங்க. ரிப்போர்ட் குடுக்கற வேலை. இருபத்திமூணு வருசம் இந்த ஒரு விரல வெச்சுப் பொழச்சேன். அது இல்லாம நான் அங்க போயி உக்காந்தா நான் யாருங்க?”

மருத்துவமனையில் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தாம்பாளத்தில் கேழ்வரகைக் கொட்டி, அதற்குள் சட்டைப் பித்தான், புளியங்கொட்டை, மூக்குத்தித் திருகாணி, சாவி என்று புதைத்துவைத்துவிட்டு, கண்ணை மூடி இடது கையால் எடுத்து இன்னதென்று சொல்ல வேண்டும். மாதாமாதம் இரண்டாவது வியாழன் மாலை நான் போய்ப் புதைத்துக் கொடுத்தேன். எத்தனை சரி என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

“பித்தான்.”

“புளியங்கொட்டை” என்பேன் நான்.

“கிட்டத்துல வந்துட்டேன் பாருங்க. ரெண்டும் சின்னதுதானே.”

ஜூன்: பத்துக்கு இரண்டு. ஜூலை: இரண்டு. ஆகஸ்ட்: ஒன்று. செப்டம்பர்: இரண்டு. ஒவ்வொரு முறையும், “போன மாசத்துக்கு ஏதாச்சும் ஏறியிருக்குதுங்களா?” என்று கேட்பார். நான் தாளைப் பார்த்து உள்ளதைப் படிப்பேன். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை ஸ்டோரின் கணக்கில் ஒரு திருகைக்கூடக் கூட்டி எழுதாதவன் நான். செப்டம்பரில் மட்டும் ‘நான்கு’ என்று படித்துவிடலாமா என்று தோன்றியது. இரண்டு என்றே படித்தேன். அக்டோபரில் தாம்பாளம் இல்லை. கேழ்வரகைக் களி கிண்டித் தின்றாயிற்று என்றார் கணவர்.

நவம்பர் 10, மாலை 5.50. கணவர் சவாரிக்குப் போயிருந்தார். கதவைத் திறந்த சிஸ்டர், அந்தப் புழுக்கத்தில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தார். காப்பி கொண்டுவந்து வைத்தபோது இடது கை விரல்களைப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறம்.

“சிஸ்டர், கையைக் காட்டுங்க.”

“ஒண்ணுமில்லீங்கண்ணா.”

நானே ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினேன். ரத்தம் எடுப்பதற்கு முன் கட்டும் ரப்பர் பட்டை முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டியபடி இருந்தது. அவிழ்க்க மறந்திருக்கிறார். மற்ற எவராக இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் வலி தாங்காமல் அவிழ்த்திருப்பார்கள். பட்டைக்குக் கீழே மணிக்கட்டு வரை ஊசிக் குத்துகள். பழையவை மஞ்சள், அதற்குப் பிந்தியவை பச்சை, புதியவை சிவப்பு. எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

நான் பட்டையை அவிழ்த்தேன். அவர் கை சும்மா கிடந்தது.

“எத்தன நேரம் ஆச்சு?” என்று அவரே கேட்டார். “நாலே முக்காலுக்குக் கட்டுனேன்னு நெனப்பு.”

“இது என்ன வேலை?”

“வலது விரலப் பழக்கறேங்கண்ணா. தடவிப் பாக்கறதும் வலது, குத்தறதும் வலது. எடம் மறக்காம இருக்க நகத்தால ஒரு கோடு போட்டுக்கறேன். யாரு கையில பழகறது? ஊரான் கையில பழகுனா வலிக்கும். இது வலிக்காத கை.” அதை மடியிலிருந்து எடுத்து எனக்குக் காட்டினார். “இதுக்காச்சும் ஒதவட்டுமே.”

“என் கையில பழகுங்க.”

“மாத்திர சாப்புடற கை. ஒரு குத்துக்கு ஒரு வாரம் கன்னிப்போகும். நாஞ்சத்தாலும் மாட்டேன்.”

பிறகு என் காப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு, “எங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்லீராதீங்கண்ணா. டாக்டரம்மாகிட்டயும்” என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. விரல்கள் பழைய நிறத்துக்கு வர இருபது நிமிடம் ஆயின. அதுவரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஜனவரியில் அவர் டாக்டரம்மாவிடம் போய் நின்றார். ஒரு தரம் பாருங்கள், ஒரே ஒரு ஆள், அதுவும் கூடத்திலேயே கடினமான கை எதுவோ அந்தக் கை. ஒரே குத்தில் வரவில்லையென்றால் நானே டேபிளில் உட்கார்ந்துவிடுகிறேன் என்று கேட்டாராம். டாக்டரம்மா நல்லவர், அதனால் முடியாது என்று சொல்ல வாய் வராமல் இரண்டு வாரம் போயிற்று, கடைசியில் சரி என்றுவிட்டார். கடினமான கை யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என்னைக் கேட்டார்கள். சரி என்றேன். மூன்று குத்தானாலும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

பிப்ரவரி 9, காலை 7.40. டாக்டரம்மா ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிஸ்டர் வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்தார். இரண்டு கையுறையும் போட்டுக்கொண்டார். பழக்கத்தில் கத்தரிக்கோலை வலது கையால் எடுத்து இடது ஆட்காட்டி விரலுக்குக் கொண்டுபோனார். அங்கே நிறுத்தினார். கத்தரிக்கோலை இடது கைக்கு மாற்றி, அந்தக் கையைக் கண்கொட்டாமல் பார்த்தபடி, வலது ஆட்காட்டியின் நுனியைக் கத்தரித்தார். அதற்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. 

பட்டையைக் கட்டினார். வலது விரலை என் முழங்கை மடிப்பில் வைத்துக் கண்ணை மூடினார். விரல் நின்றது, நகர்ந்தது, திரும்பி வந்தது. “வாங்க” என்று மெல்லக் கூப்பிட்டது என்னையல்ல. நகத்தால் ஒரு கோடு போட்டார். ஸ்பிரிட் துடைத்தார். ஊசியை எடுத்தார்.

நான் சுவரில் இருந்த மருந்துக் கம்பெனிக் காலண்டரைப் பார்த்தேன். பிறகு டாக்டரம்மா மூச்சு விடுவது கேட்டது. குனிந்தால், குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. 7.52. ஒரே குத்து.

“ஆயித்தல்லம்மா” என்றார் டாக்டரம்மா, ஆகிவிட்டதே என்று. வேலைப் பட்டியலில் பெயர் எழுதுவதற்காக மேசைப் பக்கம் திரும்பினார். அவர் திரும்பிய அந்தக் கணத்தில்தான் சிஸ்டர், என் கையையே பார்த்தபடி, ஊசியை வெளியே எடுத்தார். பஞ்சை அழுத்த வந்த இடது கட்டைவிரல், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் ஊசியின் வழியில் இருந்தது. ஊசி முனை கையுறைக்குள் இறங்கி வெளியே வந்ததை நான் பார்த்தேன். சிஸ்டர் முகத்தில் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டிருந்தார். குழாயை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கலக்கி, பெயர்ச் சீட்டு ஒட்டினார். அதற்குள் கட்டைவிரலின் நுனியில், வெள்ளைக் கையுறையின் உள்பக்கம், சிவப்பாக ஒரு புள்ளி விரியத் தொடங்கியிருந்தது.

குப்பைத் தொட்டியருகே எங்களுக்கு முதுகு காட்டி நின்று கையுறையைக் கழற்றினார். கழற்றியபின் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். திரும்பியபோது இடது கை மூடியிருந்தது.

“வலிச்சுதுங்களாண்ணா?”

“இல்லை” என்றேன்.

நாளை ஏழு மணிக்கு வந்துவிடு, பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. சிஸ்டர் அழுதார். பத்து மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். மாத்திரை காரணமாக நான் பத்து நிமிடம் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். சொல்வதற்கு அது போதுமான நேரம். நான் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

8.40-க்கு மேட்டகள்ளி, ஸ்டோர் வேலை. 5.30-க்கு வீடு. 6.30-க்கு அவர் கணவர் அரைக் கிலோ மைசூர்பாகோடு வந்தார்.

“இனி எங்கூட்டுல நல்ல சாப்பாடு சார். எட்டு மாசமா என் சமையலத் தின்னுட்டு உசுரோட இருக்காளே, அதுதான் அதிசயம். இன்னிக்கு சந்தோசம் தாங்கல. நான் நறுக்கி வெச்ச அவரைக்காய மறுபடி நறுக்கப் போயி கட்டைவிரல்ல வெட்டிக்கிட்டு, பிளாஸ்டர் ஒட்டிட்டு உக்காந்திருக்கா.” சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சார், நீங்க இல்லேன்னா இது நடந்திருக்காது.”

7.15-க்கு நான் சிஸ்டருக்குப் போன் செய்தேன்.

“கட்டைவிரல் எப்படி இருக்கு?”

அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. நின்றது.

“காய் நறுக்கறப்பப் பட்டுச்சுங்கண்ணா.”

“க்ளவுஸ்குள்ள காய் நறுக்கினீங்களா?”

“உங்க ரத்தம்தானுங்களே. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும்.”

“நாளைக்குப் பன்னெண்டு பேரு. அதுல யாருக்கு என்ன இருக்குன்னு யாரு கண்டா? நீங்க சொன்னதுதான்.”

“பாத்துப் பண்ணுவேங்கண்ணா. கண்ண எடுக்காமப் பண்ணுவேன்.”

“இன்னைக்கும் கண்ணை எடுக்கலையே சிஸ்டர்.”

நான் அதுவரை அவரிடம் கேட்டிராத குரலில், “நவம்பர்ல யாருகிட்டயும் சொல்லாம இருந்தீங்கல்ல. இதையும் அது மாதிரி வெச்சுக்கங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். “நல்லா இருப்பீங்கண்ணா” என்று போனை வைத்தார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அவர் கணவரின் ஆட்டோவை அதன் பிறகு இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மைசூர்பாகைத் தொடவில்லை. 9.30-க்குப் படுத்தேன்.

பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை. காலை 5.40. வெந்நீர் வைக்கவில்லை, பால் எடுக்கவில்லை. டாக்டரம்மா ஐந்தரைக்கே எழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். படுக்கையில் உட்கார்ந்தபடியே போன் செய்தேன்.

“டாக்டர், சிஸ்டர் ஏழு மணிக்கு வருவாங்க. க்ளவுஸ் போடறதுக்கு முன்னாடி அவங்க இடது கட்டைவிரலைப் பாருங்க” என்றேன்.